இடது கண்ணின் பார்வைக்கு

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஒரே அண்ணன் எழுதுவது. எட்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. நானும் நூறு தடவை, இல்லை, இருநூறு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், "மச்சான், நான் இந்த ஆட்டத்துக்கே வரலை. ரொட்டி அடுப்புல இருக்கு" என்று வைத்துவிடுகிறார். எட்டு நாளாகவா ஒரு ரொட்டி வேகும்?

ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்புக்கு மேல் தாங்கவில்லைதான். ஆனால் இந்த ஊர்க் கடைத்தெருவில் தலையைத் தூக்கினால் தெரிகிற பெயர்ப் பலகையில் பாதி என் கைவேலை. போன வாரம் ஒரு துணிக்கடைக்கு மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் பதினெட்டு அடி. கீழே போக்குவரத்தே நின்றுபோயிற்று. ஒரு போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவே மறந்துவிட்டார். படம் இணைத்திருக்கிறேன்.

என் மருமகள் பட்டாணி பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையில் மேல் வரிசையிலிருந்து கடைசிப் பொடி வரிசை வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாளே, அதை இங்கே நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. முடிவெட்டுகிறவர் நான் சொல்ல ஆரம்பித்ததும், "ஆமாம், ஆமாம், பருந்துக் கண்" என்று அவரே முடித்துவைக்கிறார். நம் வம்சத்துக் கண் அப்படி.

உனக்கு என்ன கோபம்? உங்கள் குளியலறைக் கதவில் பச்சைப் பெயிண்ட் பட்டதா? அது தின்னர் போட்டால் போய்விடும். சொல்லித் தொலை.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் அதே வேலை. எழுத்து பதினெட்டு அடி இல்லை. படத்தில் பக்கத்தில் நிற்கிற ஏணியை வைத்துப் பார்த்தால் நாலு அடி. அது முதல் மாடி. போலீஸ்காரர் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிக்கிறார்.

பெயிண்ட் இல்லை அண்ணா, பட்டாணியின் கண்.

போன மாதம் குளிக்கும்போது வலது கண்ணில் ஷாம்பு போய்விட்டது. அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றவள், "அம்மா, எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே!" என்றாள். இடது கண் திறந்துதான் இருந்தது. துண்டை நீட்டினேன். அவள் கை துண்டுக்கு ஒரு சாண் தள்ளித் தேடியது.

மறுநாளே குழந்தைகள் கண் டாக்டரிடம் போனோம். அட்டையைக் காட்டினார்கள். வலது கண்ணால் கடைசி வரிசை வரை சொன்னாள். இடது கண்ணால் உச்சியில் இருக்கிற ஒரே ஒரு பெரிய எழுத்து. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடத்துல பரிசோதனை பண்ணலையா?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு முன்னால் உன் மருமகள் பெருமையாகப் பதில் சொன்னாள்: "பண்ணாங்க! நான் ஃபர்ஸ்ட்டு. அது எங்க மாமா வரைஞ்ச அட்டைதான். எனக்கு மனப்பாடம்."

ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க மூன்று வாரம் வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். நர்ஸ் அறையில் கண் அட்டையையும் சுவரிலேயே எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் பழுப்புக் காகிதத்தில் எழுதிப் பழகுகிறேன் என்று எங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டாய். வேலை நடக்கட்டும் என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாய். அவள் சொல்வாள், நீ எழுதுவாய். மூன்று நாள். நாலாவது நாள் தூக்கத்தில்கூட ஒப்பித்தாள். அப்புறம் நர்ஸ் வலது கண்ணை மூடினால் என்ன, இரண்டையும் மூடினால்தான் என்ன? நீ ஜன்னலுக்கு வெளியே நின்று கைதட்டினாய்.

கண்ணில் நோய் ஒன்றும் இல்லையாம். இடது கண்ணுக்குப் பவர் மிக அதிகம். அது அனுப்புகிற படம் கலங்கலாக இருப்பதால் மூளை அதை வாங்குவதையே விட்டுவிட்டது. வலது கண்ணை வைத்தே காலம் தள்ளுகிறது. கண்ணாடி எப்போதும் போட வேண்டும். தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணில் பேட்ச் ஒட்டி மூட வேண்டும். அப்போதுதான் மூளை வேறு வழியில்லாமல் இடது கண்ணைக் கேட்கும். இப்போது அவளுக்கு ஆறரை வயது. "இப்பவே விடாமப் பண்ணினா நல்லா வரும். வயசு ஏற ஏறக் கஷ்டம்" என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டாள். பேட்ச் ஒட்டினால் நாலு நிமிஷத்தில் பிய்த்துவிடுகிறாள். கேட்டால், "மாமா சொன்னாங்க, நம்ம வம்சத்துல யாருக்கும் கண்ணாடியே கிடையாது."

நான் சொல்லும்வரை நீ இந்தப் பக்கம் வராதே. போனும் பண்ணாதே. போனில் எதையாவது அளந்துவிட்டு என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். எனக்கு இப்போது கோபமாக இருக்க வேண்டும். எழுதுவதானால் எழுது.

தங்கச்சி


மார்ச் 14

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மூன்று நாளில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டேன். (சரி, இடுப்பு வாரில் ஒரு துளை.) நான் என்ன கண்டேன்? குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து ராகம் போட்டு எழுத்துச் சொன்னது காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. கைதட்டினவன் நான்தான். அந்தக் கையை என்ன செய்யலாம், நீயே சொல்.

இங்கே எங்கள் தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவரிடம் போய் நின்றேன். அவர் கடைப் பலகையும் என் கைவேலைதான் என்பதால் உட்காரவைத்துப் பேசினார். வெறுமனே பேட்சை ஒட்டி உட்கார வைத்தால் எந்தக் குழந்தையும் பிய்த்துவிடுமாம். மூடியிருக்கிற நேரத்தில் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலை ஏதாவது கொடுக்க வேண்டுமாம்: படம் வரைவது, மணி கோப்பது, படிப்பது. "அந்தக் கண்ணுக்கு ஆசை காட்டணும் சார்" என்றார்.

ஆசை காட்டுவதா? அது நம் தொழில் அல்லவா!

இதோடு இன்னொரு உறை இருக்கிறது. அதை நீ பிரிக்காதே. மேலே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன்: "இடது கண்ணின் பார்வைக்கு. வலது கண்ணைக் கண்ணாடிக்குள் மூடியவர் மட்டும் பிரிக்கலாம்." உள்ளே பன்னிரண்டு தாள். ஓடுகிற கப்பலுக்கு நான் நீந்திக்கொண்டே பெயர் எழுதிய கதை. ஒவ்வொரு எழுத்தும் சரியாக இரண்டு அங்குல உயரம். ஸ்கேல் வைத்து அளந்துகொள், இந்த அளவில் மட்டும் நான் புளுகுவதில்லை. பெயிண்ட் டப்பா தலையில், பிரஷ் பல்லில், கப்பல் வேகமெடுக்கிறது, பின்னால் ஒரு திமிங்கலம் வாயைத் திறக்கிறது... அந்த இடத்தில் தாள் தீர்ந்துவிட்டது.

வேண்டுமென்றுதான் தீர்த்தேன்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

உனக்கு நீச்சல் தெரியாது. நீ எழுதியது கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகுக்கு. அதிலும் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைப் பின்பக்கம் திருப்பி எழுதினாய்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. பேட்ச் நாற்பது நிமிஷம் நின்றது.

கண்ணாடியை மட்டும் போட மாட்டேன் என்றாள். "அப்போ உறையைப் பிரிக்கக்கூடாது" என்றேன். கண்ணாடியைக் கையில் பிடித்து, பூதக்கண்ணாடி மாதிரித் தாள்மேல் வைத்துக்கொண்டு படித்தாள். "கண்ணாடிக்குள் மூடியவர்னுதானே இருக்கு? நான் கண்ணாடிக்குள்ளதான் பார்க்கிறேன்" என்று வாதம் வேறு. உன் மருமகள்தான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, மூக்கு தாளில் உரச, முதல் தாளுக்குக் கால் மணி நேரம். நடுவில் ஒரு தடவை அழுதாள். ஒரு தடவை என்னை அடித்தாள். திமிங்கலம் வந்ததும் இரண்டையும் மறந்துவிட்டாள். பன்னிரண்டாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "மாமாவைத் திமிங்கலம் தின்னுடுச்சா? அப்போ இதை யார் எழுதினது?"

இனி இரண்டு விஷயம். ஒன்று, இது அடிக்கடி குடும்பத்தில் வருவதாம். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். நான் பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை. நீ போ. இரண்டு, அந்தப் பருந்துப் பேச்சை நீயே உன் கையால் வாபஸ் வாங்கு. நான் சொன்னால் அவள் நம்புவதில்லை. பொய் சொல்லாதவள் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை.

தங்கச்சி


ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

போனேன். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பெரிய டாக்டரே எழுந்து வந்து, "இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை" என்று மற்ற டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட, கூட்டம் வராந்தா வரைக்கும்...

இல்லை. அப்படி நடக்கவில்லை.

ஒரு சின்னப் பெண்தான் பரிசோதனை செய்தாள். வலது கண்ணால் எல்லா வரிசையும் சொன்னேன். பிறகு அதை மூடினாள். மேலே ஒரு எழுத்து இருந்தது. அதற்குக் கீழே சாம்பல். "படிங்க சார்" என்றாள். "படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன்.

எனக்கும் அதேதான், தங்கச்சி. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்கிறார்கள். நாற்பத்தாறு வருஷம், எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது, முன்னால் நின்ற பையன் சொன்னதைக் கேட்டு அப்படியே சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். கோடு இழுக்கும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு, குறி பார்க்கிற வேட்டைக்காரன் மாதிரி என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். அதை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். ஏணியில் இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு விழுவேனே, அதை ஸ்டைலாகக் குதிக்கிறேன் என்று சொல்வேனே, அதற்கும் இதுதான் காரணமாம். ஒரு கண்ணுக்கு ஆழம் சரியாகத் தெரியாதாம்.

"சின்ன வயசுல கண்டுபிடிச்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம் சார்" என்றாள் அந்தப் பெண். நிதானமாகத்தான் சொன்னாள். நான் என்னை நினைக்கவில்லை. பட்டாணி ராகம் போட்டு எழுத்துச் சொன்னதும், நான் ஜன்னலில் நின்று கைதட்டியதும் நினைவுக்கு வந்தது. வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலது கண்ணைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளவாம், என் கையில் இருப்பது அது ஒன்றுதானே. கண்ணாடி போட்ட போட்டோ இணைத்திருக்கிறேன். உறைக்குள் திமிங்கலம் என்ன செய்தது என்பதும், பருந்து சம்பந்தமாக நான் கொடுக்கும் வாபஸ் அறிவிப்பும் இருக்கின்றன. எழுத்து இப்போது ஒன்றரை அங்குலம்.

அண்ணன்


மே 21

அண்ணா,

உன் போன கடிதத்தின் நடுப்பகுதியை மூன்று தடவை படித்தேன். சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தால் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாததால்.

வாபஸ் அறிவிப்பை அவள் உரக்கப் படித்தாள்: "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் வம்சத்துக்குப் பருந்துக் கண் என்று நான் சொன்னது சுத்தப் புளுகு." பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, மறுபடி வீசியிருந்த கண்ணாடியை எடுத்துப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். "மாமாது பெருசு. என்னுதுதான் அழகு" என்றாள். அதற்குப் பிறகு குளிக்கும்போதுதான் கழற்றுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "ஒத்தைக் கண்ணி" என்று கூப்பிட்டாளாம். ஆசிரியை போன் பண்ணி, உங்கள் பெண் என்ன பதில் சொன்னாள் தெரியுமா என்று சிரித்தார். "வலது கண்ணு லீவுல போயிருக்கு. இடது கண்ணுதான் இப்போ டியூட்டி. அதுகிட்ட வச்சுக்காதே, புதுசா வேலைக்குச் சேர்ந்தது, ரொம்பக் கண்டிப்பு." இப்போது வகுப்பில் நாலு பேர் பேட்ச் கேட்கிறார்களாம்.

தினமும் மூன்றரை, நாலு மணி நேரம் நிற்கிறது. ஒட்டுகிற இடத்தில் தோல் சிவந்தது. டாக்டர் வேறு வகைப் பேட்ச் கொடுத்தார். போன வாரப் பரிசோதனையில் மூன்றாவது வரிசை. மூன்று, அண்ணா! அடுத்தது ஆகஸ்டில்.

ஒரு வேண்டுகோள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் உறைகள் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகின்றன. மீதி நாளெல்லாம் அவளோடு மல்லுக்கட்டுகிறேன். இன்னும் நீளமாக எழுது. உண்மை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

இதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதே. அச்சகத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

தங்கச்சி


ஜூன் 2

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வாயிலிருந்து இந்த உத்தரவு வர நான் நாற்பது வருஷம் காத்திருந்தேன். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இந்தத் தடவை அறுபது தாள். எழுத்து அரை அங்குலம். பதினெட்டு அடி எழுத்து எழுதுகிறவனுக்கு (சரி, நாலு அடி) அரை அங்குலம் என்பது யானை ஊசி பிடிக்கிற கதை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு லென்ஸ் இரவல் கொடுத்திருக்கிறார். அவருடைய மனைவி ஒவ்வொரு தாளையும் நான் எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணுகூட நம்புற மாதிரி இல்லை, அடுத்த தாள் எப்போ?" என்கிறார். பலகைக்குச் சொல்லிவிட்டுப் போனவர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள். கத்தட்டும். ஒரு மருந்துக்கடைக்குப் பாதிப் பெயர்தான் எழுதியிருக்கிறேன், ஊரே அது என்ன கடை என்று பந்தயம் கட்டுகிறது.

கதையில் இப்போது திமிங்கலத்துக்கும் பார்வை சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் என்னைச் சாப்பாடு என்று நினைத்திருக்கிறது. அதற்குக் கண்ணாடி செய்ய இரண்டு கப்பலின் ஜன்னல்கள் தேவைப்படுகின்றன. எந்தக் கப்பல் கொடுக்கும்? கடைசித் தாளில் கேள்வியை அவளிடமே விட்டிருக்கிறேன். பதில் எழுதச் சொல். எழுதுவதும் அந்தக் கண்ணுக்கு வேலைதானே.

அடுத்த பரிசோதனை ஆகஸ்ட் என்றாய். நான் வரட்டுமா என்று கேட்கப்போவதில்லை. சொல்லும்வரை வராதே என்று சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வாசலில், எதிர்ப்பக்கம், ஒரு ஓரமாக நின்றால் அது வருவதாக ஆகுமா என்று மட்டும் யோசித்தேன். ஆகும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். பரவாயில்லை. தேதி மட்டும் சொல். அன்றைக்கு ஏணி ஏற மாட்டேன், எழுத்து கோணும்.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அண்ணா,

நேற்று போய்விட்டு வந்தோம். தேதியை முன்னாலேயே சொல்லாததற்கு மன்னித்துக்கொள். உன்னுடைய பதற்றத்தையும் சேர்த்துத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இருட்டாக்கிய அறை. பரிசோதனை செய்கிற பெண் அவள் வலது கண்ணை மூடிவிட்டு அட்டையில் வெளிச்சம் போட்டாள். "மேலேருந்து சொல்லு, செல்லம்." பட்டாணி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒன்றுமே தெரியவில்லை போலிருக்கிறது, இத்தனை மாதமும் வீண் என்று நினைத்தேன்.

"அக்கா, இது போன தடவை போட்டதுதானே?"

"ஆமாம்."

"எனக்கு இது மனப்பாடம் ஆயிடுச்சு. நான் சொன்னா கண்ணு சொல்லுதா, வாய் சொல்லுதான்னு உங்களுக்குத் தெரியாது. வேற போடுங்க."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

வேறு அட்டை போட்டாள். முதல் வரிசை. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒன்றைத் தப்பாகச் சொல்லி, "இருங்க, இருங்க" என்று கழுத்தை நீட்டித் தானே திருத்திக்கொண்டாள். ஐந்தாவது வரிசையில் நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக, எழுத்துக்கு ஒரு மூச்சு. ஐந்தில் நாலு சரி. ஆறாவதில், "இது எறும்பு" என்றாள். அந்தப் பெண் கைதட்டிவிட்டாள். நானும் தட்டினேன் அண்ணா. தட்டலாம் என்று தோன்றியது.

டாக்டருக்கு மிகுந்த திருப்தி. பேட்ச் இனி இரண்டு மணி நேரம் போதுமாம். நிறுத்திவிடக் கூடாது, பின்வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி எப்போதும் போல. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். "வீட்ல யாரு இவ்வளவு பொறுமையாப் படிக்க வெச்சது?" என்று கேட்டார். "ஒரு திமிங்கலம்" என்று உன் மருமகள் சொல்லிவிட்டாள். டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். வழி முழுக்கக் கணக்கெடுப்பு. "இடது கண்ணு நாயைப் பார்த்துடுச்சு. சைக்கிளைப் பார்த்துடுச்சு. டிரைவர் பின்மண்டையைப் பார்த்துடுச்சு. அம்மா, அவருக்கு அங்க முடியே இல்லை!" வீட்டுக்கு வந்து அப்பாவை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து, மாவு அப்பிய முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னை. அப்புறம் யோசித்தாள்.

"மாமாவை இடது கண்ணு இன்னும் பார்க்கவே இல்லையேம்மா. போட்டோ கணக்குல வராது."

வா, அண்ணா. சனிக்கிழமை எனக்கு விடுமுறை.

தங்கச்சி


ஆகஸ்ட் 16

அன்புத் தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை மதிய பஸ். சீட்டு எடுத்தாயிற்று. நேற்றே எடுத்துவிட்டேன், இன்றைக்கும் போய் அது செல்லுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தைக் கடைத்தெருவில் பதினேழு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. யாரும் நம்பவில்லை. "எறும்புன்னு சொல்லிச்சாக்கும்! நல்லா விடுறய்யா" என்கிறார் முடிவெட்டுகிறவர். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லிப் பொய்யன் என்று பெயர் வாங்கினேன். அதற்காக ஒரு சொல்கூடக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

அவரிடமே முடி வெட்டிக்கொண்டேன். இரண்டு தடவை சவரம். நீலச் சட்டையா, வெள்ளையா என்று இன்னும் முடிவாகவில்லை; கண்ணாடிக்கடைக்காரர் நீலம் என்கிறார், அவர் மனைவி நீலமே வேண்டாம் என்கிறார். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன், கூச்சம் என்று ஒன்று வந்ததே இல்லை. இப்போது வருகிறது.

பட்டாணியிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. அந்தக் கண் இதுவரை என்னைக் கதையில்தான் பார்த்திருக்கிறது. நேரில் மாமா அதைவிடக் கொஞ்சம் குட்டை.

அண்ணன்